தட்டப்படாத கதவுகள்!

தேர்தல் வந்துவிட்டால் போதும், சோதிடர் வீட்டுத் திண்ணை நிரம்பிவிடும். கிளி சீட்டெடுக்கும், பஞ்சாங்கம் புரட்டப்படும், இன்னாருக்குச் சுக்கிர திசை, இன்னாருக்குச் சனி பார்வை என்று இராசிபலன் எழுதப்படும். கோட்டையிலே யார் கொலுவிருப்பது என்பதைக் கோள்கள் முடிவு செய்கின்றனவாம்! கோடிக்கணக்கான மக்கள் கையிலே உள்ள வாக்குச் சீட்டுக்கு வேலையே இல்லையாம்! இந்தப் பேதைமைக்கு நேர் எதிர்த் திசையிலே நடந்த ஒருவரைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறோம். வானத்தைப் பார்க்காமல் வாசற்படியைப் பார்த்தவர். கோளைக் கேட்காமல் குடியானவனைக் கேட்டவர். ஆருடத்தை ஒதுக்கிவிட்டு எண்ணிக்கையை எடுத்துக்கொண்டவர். ஜார்ஜ் காலப் என்பது அவர் பெயர். கருத்துக் கணிப்பு என்ற கலைக்கு உலகெங்கும் அவர் பெயரே ஓர் அடைமொழியாகிவிட்டது.

அவர் வென்ற கதையை உலகம் அறியும். தோற்ற கதையையும் சிலர் அறிவர். கேட்க மறந்த கதையை அறிந்தவர்கள் குறைவு. மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் பாடம் முழுமையாகும் என்பது நமது கருத்து.

1901 ஆம் ஆண்டு நவம்பர் 18 ஆம் நாள், அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலே, ஜெபர்சன் என்னும் சிற்றூரிலே பிறந்தார் காலப். சோளக் கொல்லையும் மாட்டுப் பண்ணையும் மண்டிய மாநிலம் அது. தந்தை பால் பண்ணை வைத்திருந்தவர். பையன் பால் கொண்டுபோய் வீடு வீடாகக் கொடுத்தான்; அந்த வருமானத்தைக் கொண்டு தான் படித்த பள்ளியிலே ஓர் ஏடும் நடத்தினான். விடியற்காலையில் கதவு தட்டிப் பழகிய கை அது! பின்னாளில் ஒரு நாட்டின் கதவுகளையே தட்டப் போகும் கைக்கு இதைவிட நல்ல பயிற்சி வேறென்ன இருக்க முடியும்?

அயோவா பல்கலைக் கழகத்திலே சேர்ந்தார். மாணவர் ஏட்டுக்கு ஆசிரியரானார். 1922 கோடை விடுமுறையிலே செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒரு வேலை கிடைத்தது. வீடு வீடாகச் சென்று, அந்த நகரத்து நாளேட்டிலே எதைப் படிக்கிறீர்கள், எது பிடிக்கிறது என்று கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும். அலுப்பூட்டும் வேலை. ஆனால் அந்த அலுப்பிலேதான் அவருக்கு ஓர் ஐயம் முளைத்தது. மக்கள் சொல்வதும் மக்கள் செய்வதும் ஒன்றுதானா? கேட்கும் முறை தவறென்றால் கிடைக்கும் விடையும் தவறாகத்தானே இருக்கும்?

அந்த ஐயத்தையே ஆராய்ச்சியாக்கி 1928 இல் டாக்டர் பட்டம் பெற்றார். என்ன செய்தார் தெரியுமா? ஏட்டைப் படித்தவர் எதிரிலே அதே ஏட்டை விரித்து வைத்துக்கொண்டு, பத்தி பத்தியாக, இதைப் படித்தீரா, அதைப் படித்தீரா என்று கேட்டு வந்தார். பொதுவாகக் கேட்டால், தலைப்புச் செய்தியையும் தலையங்கத்தையும் படித்ததாகத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். பத்தி பத்தியாகக் கேட்டபோதோ வண்டவாளம் வெளிப்பட்டுவிட்டது! முதல் பக்கத்துப் பெரிய செய்தியை விடச் சித்திரக் கதைக்கும் படத்துக்கும்தான் கூட்டம் அதிகம். தலையங்கப் பக்கத்திலே பேனா பிடிக்கும் நம் போன்றோருக்கு இது கசப்பு மருந்துதான். கசந்தால் என்ன? உண்மை உண்மைதானே!

1932 இல் இரண்டு நிகழ்ச்சிகள். ஒன்று, நியூயார்க் நகரத்திலே ஒரு பெரிய விளம்பர நிறுவனம் அவரை ஆராய்ச்சித் துறைக்குத் தலைவராக அழைத்தது. மற்றொன்று, அவருடைய மாமியார் ஓலா பாப்காக் மில்லர் அம்மையார் அயோவா மாநிலச் செயலாளர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் சார்பிலே நின்றார், வென்றார். அந்த மாநிலத்திலே செயலாளர் பதவியை வென்ற முதல் பெண்மணி அவர். எந்தச் சோப்பு வாங்குவார்கள் என்பதைக் கணக்கிட முடியுமென்றால், எந்தக் கட்சிக்கு வாக்களிப்பார்கள் என்பதையும் கணக்கிட முடியாதா? காலப்பின் உள்ளம் அங்கே தாவியது. 1935 இல் பிரின்ஸ்டன் நகரிலே அமெரிக்கப் பொதுக் கருத்து ஆராய்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார். அந்த ஆண்டு அக்டோபர் 20 ஆம் நாள் அவருடைய முதல் கணிப்பு ஏடுகளிலே வெளிவந்தது.

அப்போது அந்தத் துறையிலே ஓர் அரக்கன் அமர்ந்திருந்தான். லிட்டரரி டைஜஸ்ட் என்ற வார ஏடு! தேர்தல்தோறும் இலட்சக்கணக்கில் மாதிரி வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பும். திரும்பி வருவதை எண்ணும். வெல்வது யார் என்று அறிவிக்கும். 1920, 1924, 1928, 1932 என்று நான்கு தேர்தல்களிலும் அது சொன்னவரே வென்றார். அதன் சொல்லை வேதவாக்கு என்றே பலர் நம்பினர்.

1936. குடியரசுத் தலைவர் பதவிக்கு மீண்டும் நிற்கிறார் ரூஸ்வெல்ட். எதிர்த்து நிற்பவர் கான்சாஸ் மாநில ஆளுநர் லாண்டன். பொருளாதாரச் சரிவால் வேலை இழந்து, வீடு இழந்து, வயிறு காய்ந்து கிடந்த கோடிக்கணக்கானவர்கள் ஒருபுறம்; ஏழைக்கு உதவ அரசு செய்யும் செலவு வீண் செலவு என்று குமுறிய செல்வர்கள் மறுபுறம். டைஜஸ்ட் ஏடு சுமார் 1 கோடிச் சீட்டுகளை அனுப்பியது. ஏறத்தாழ 23 இலட்சம் சீட்டுகள் திரும்பி வந்தன. எண்ணிப் பார்த்தது. நூற்றுக்கு 57 பேர் லாண்டன் பக்கம், 43 பேர் ரூஸ்வெல்ட் பக்கம் என்று முழங்கியது!

இங்கேதான் காலப் களத்தில் குதித்தார். டைஜஸ்ட் சீட்டு அனுப்பத் தொடங்குமுன்பே, அந்த ஏடு என்ன முடிவுக்கு வரும் என்பதையும், அந்த முடிவு தவறு என்பதையும் ஜூலை மாதத்திலேயே எழுதிவிட்டார். டைஜஸ்ட் யாருக்கு அனுப்புமோ அத்தகையவர்களாகப் பார்த்து 3,000 அஞ்சலட்டைகள் அனுப்பினார். லாண்டனுக்கு நூற்றுக்கு 56 கிடைக்கும் என்று டைஜஸ்ட் சொல்லப் போகிறது என்றார். டைஜஸ்ட் ஆசிரியருக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல! அதோடு நின்றாரா காலப்? தமது கணிப்பை வாங்கி வெளியிடும் ஏடுகளுக்கு ஓர் உறுதியும் கொடுத்திருந்தார். டைஜஸ்டை விடத் தமது கணிப்பு பிழையானால் பணத்தைத் திருப்பித் தந்துவிடுவதாக!

வாக்கு எண்ணப்பட்டது. அன்றிருந்த 48 மாநிலங்களில் 46 ரூஸ்வெல்ட் கையிலே! மெய்ன், வெர்மான்ட் என்னும் இரண்டே இரண்டுதான் லாண்டனுக்கு. மக்கள் வாக்கிலே நூற்றுக்கு 61 அளவுக்கு ரூஸ்வெல்ட் பெற்றார். 23 இலட்சம் சீட்டுகளும் மண்ணைக் கவ்வின. 1938 இல் அந்த ஏடே மறைந்துபோயிற்று. காலப் கணித்ததோ நூற்றுக்கு 56. அவரும் அச்சாகச் சொல்லவில்லை, ஐந்து குறைவாகத்தான் சொன்னார். ஆனால் திசை சரியாக இருந்தது.

23 இலட்சம் பேரைக் கேட்டும் பொய்த்தது எப்படி? இதுதான் கேள்வி. டைஜஸ்ட் ஏடு யார் யாருக்குச் சீட்டு அனுப்பியது என்று பாருங்கள். தொலைபேசிப் புத்தகத்திலே பெயர் உள்ளவருக்கு. மோட்டார் வண்டி வைத்திருப்பவருக்கு. 1936 இல், பசி தாண்டவமாடிய அந்த நாட்டிலே, தொலைபேசியும் மோட்டாரும் வைத்திருந்தவர் யார்? வேலையற்றவனா? குத்தகை விவசாயியா? கந்தல் கட்டிய கூலிக்காரனா? அவர்களிடம் கார் இல்லை, கருத்து இருந்தது. தொலைபேசி இல்லை, வாக்கு இருந்தது! சீட்டு கிடைத்தவர்களிலும் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே திருப்பி அனுப்பினர். ஆட்சிமீது ஆத்திரம் கொண்டவர்கள் முந்திக்கொண்டு அனுப்பினர். மாளிகையை எண்ணிவிட்டு மாநிலத்தை எண்ணிவிட்டதாக மார்தட்டிய ஏட்டுக்கு மண்குடிசைகள் தந்த மறுமொழி அது!

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீட்டுப் பாட்டி அறிந்த பாடம். ஆனால் பாட்டி அதற்கு முன் ஒரு வேலை செய்வாள். அகப்பையை அடிவரை விட்டுக் கிளறுவாள். கிளறாமல் மேலே மிதக்கும் சோற்றை மட்டும் கூடை கூடையாக எடுத்துப் பார்த்தாலும் அடிப்பானையின் நிலை தெரியாது. கிளறிவிட்டால் ஒரு சோறு போதும். காலப் செய்தது இதைத்தான். செல்வர் இத்தனை பேர், நடுத்தரத்தார் இத்தனை பேர், ஏழைகள் இத்தனை பேர், நகரத்தார், நாட்டுப்புறத்தார், இளைஞர், முதியவர் என்று பங்கு பிரித்து, ஆட்களை நேரிலே அனுப்பிக் கேட்கச் செய்தார். டைஜஸ்ட் திரட்டிய கூட்டத்தோடு ஒப்பிட்டால் அவர் கேட்டது ஒரு கைப்பிடி. ஆனால் அடிவரை விட்ட அகப்பை!

அவர் புகழ் கடல் கடந்தது. 1937 இல் பிரிட்டனிலும் அவர் முறையிலே ஒரு கழகம் எழுந்தது. 1945 இல், போரை வென்று தந்த சர்ச்சில் தேர்தலிலும் வெல்வார் என்று உலகமே நம்பியிருந்தபோது, தொழிற்கட்சியே முன்னணியில் நிற்கிறது என்றது அந்தக் கழகத்தின் கணக்கு. நம்பியவர் சிலரே. பெட்டி திறந்தபோது தொழிற்கட்சிக்கு 393 இடங்கள்! போர்க்களத்து வெற்றி வேறு, பொதுமக்கள் அடுப்பங்கரைக் கவலை வேறு என்பதை அரசியல்வாதிகளை விடக் கணக்குப் புத்தகம் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது.

பிறகு வந்தது 1948. ஆட்சியிலிருந்த ட்ரூமனை எதிர்த்து டூயி நின்றார். டூயிக்கு நூற்றுக்கு 49.5, ட்ரூமனுக்கு 44.5 என்று முடிவாகச் சொன்னார் காலப். மற்றக் கணிப்பாளர்களும் அப்படியே. சிகாகோ ஏடொன்று ட்ரூமன் தோற்றார் என்று கொட்டை எழுத்திலே முன்கூட்டியே அச்சடித்து விற்றது! மறுநாள் அந்த ஏட்டை உயர்த்திப் பிடித்து ட்ரூமன் சிரித்த படம் உலகப் புகழ் பெற்றது. ட்ரூமன் பெற்றது நூற்றுக்கு 49.5. எண் என்னவோ சரி, தலைதான் மாறிவிட்டது!

நாடே நகைத்தது. நகைத்தவர்களிலே கிளிச் சோதிடர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் சோதிடனுக்கும் அறிவியலாளனுக்கும் உள்ள வேற்றுமை வெல்லும்போது தெரிவதில்லை, தோற்கும்போதுதான் தெரிகிறது. சோதிடன் தோற்றால் கிரகம் வக்கிரித்துவிட்டது என்பான். காலப் அப்படிச் சொல்லவில்லை. அறிஞர் குழு ஒன்று ஆராய வந்தது; தம் குறிப்புகளைத் திறந்து காட்டினார். பிழைகள் புலப்பட்டன. வாக்களிப்புக்குச் சில நாட்கள் முன்பே கேட்பதை நிறுத்திவிட்டனர். கடைசி நேரத்தில் மனம் மாறியவர்கள் கணக்கில் வரவில்லை. இரண்டாவது பிழை இன்னும் ஆழமானது. இத்தனை ஏழைகள், இத்தனை செல்வர்கள் என்று பங்கு கொடுத்தாலும், அந்தப் பங்குக்குள் யாரைக் கேட்பது என்பதைக் கேட்கப் போனவரே முடிவு செய்தார். அவர் மனிதர்தானே! நல்ல தெருவிலே நுழைந்தார். நயமாகப் பேசுபவரைத் தேடினார். படித்தவர் எண்ணிக்கை அளவுக்கு மீறிப் பெருகிவிட்டது. ஆக, டைஜஸ்டைக் கவிழ்த்த அதே குழியிலே, சிறிய அளவிலே, காலப்பும் விழுந்தார்!

பிறகு முறை மாற்றப்பட்டது. எந்தப் பகுதி, எந்த வீடு என்பதைக் கேட்பவர் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கிப் போட்டு எடுப்பது போலத் தேர்ந்தெடுத்தனர். அப்படி எடுத்தால் 1,500 பேர் போதும், ஒரு பெருநாட்டின் கருத்தை நூற்றுக்கு மூன்று ஏற்றத் தாழ்வுக்குள் சொல்லிவிடலாம் என்கிறது கணிதம். தோல்வி ஆசானாயிற்று.

இனி, மறக்கப்பட்ட கதைக்கு வருவோம். 1930 களிலும் 40 களிலும் காலப் கேட்ட அமெரிக்கா எந்த அமெரிக்கா? வாக்களிப்போரின் கருத்தை அறிவதே அவர் நோக்கம். தென் மாநிலங்களிலே கறுப்பின மக்களை வாக்குச் சாவடிக்கு வரவிடாமல் தடுத்திருந்தனர். வாக்குரிமைக்கு வரி, எழுத்தறிவுச் சோதனை என்ற பெயரிலே சூழ்ச்சி, மீறினால் மிரட்டல், உயிருக்கே உலை. வாக்கில்லாதவன் கருத்து எதற்கு என்று, காலப்பின் கணக்கிலும் அவர்கள் மிகக் குறைவாகவே இடம்பெற்றனர். மக்கள் தொகையிலே பாதியான பெண்களும் பாதிக்குக் குறைவாகவே கேட்கப்பட்டனர். அமெரிக்கா இப்படி நினைக்கிறது என்று ஏடுகள் எழுதின. நாம் கேட்கிறோம்: பருத்திக் காட்டிலே முதுகு வளைத்துப் பாடுபட்டவன் அமெரிக்கன் இல்லையா? அவன் மனத்தில் ஓடியது கருத்தில்லையா? தேசம் என்றால் யார், அதில் அடங்காதவர் யார் என்பதைச் சட்டம் ஒருமுறை முடிவு செய்தது; கணக்கு அதற்கு மறுமுறை முத்திரை குத்தியது! 1965 இல் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகுதான் அந்தக் கதவு திறந்தது. அதைத் திறந்தது கணிப்பல்ல. தெருவிலே நடந்து, தடியடி பட்டு, சிறை சென்ற மக்களின் போராட்டம்!

இன்னொன்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். சரியாக எண்ணிவிட்டாலே சரியானதாகிவிடுமா? 1938 நவம்பரில் இட்லரின் ஆட்கள் யூதர்களின் வீடுகளையும் கடைகளையும் வழிபாட்டிடங்களையும் சூறையாடினர். அந்தக் கொடுமையை ஏற்கிறீர்களா என்று அமெரிக்கரைக் கேட்டார் காலப். நூற்றுக்கு 94 பேர் ஏற்கவில்லை என்றனர். அப்படியானால் ஜெர்மனியிலிருந்து விரட்டப்படும் யூதர்களை அதிக அளவில் இங்கே வரவிடலாமா என்று கேட்டார். நூற்றுக்கு 72 பேர் கூடாது என்றனர்! 1939 சனவரியில், 10,000 குழந்தைகளையாவது ஏற்கலாமா என்று கேட்டபோதும் நூற்றுக்கு 61 பேர் மறுத்தனர். இரக்கம் உதட்டிலே, இடம் மட்டும் இல்லை! அகதிக் குழந்தைகளுக்காக வந்த மசோதா அந்த ஆண்டே நாடாளுமன்றத்திலே மடிந்தது. கணக்குப் பிழையன்று, கணக்கு சரி. பிழை மனத்திலே.

அதனாலேதான் கூறுகிறோம், கருத்துக் கணிப்பு சுரமானி போன்றது. காய்ச்சல் எத்தனை என்று சொல்லும், காய்ச்சலைத் தீர்க்காது. காய்ச்சல்தான் நியாயம் என்று தீர்ப்பளிக்கும் உரிமையும் அதற்குக் கிடையாது. 1937 இல், தகுதி வாய்ந்த பெண் ஒருவர் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்றால் வாக்களிப்பீர்களா என்று கேட்டபோது, நூற்றுக்கு 33 பேரே ஆம் என்றனர். 1958 இல் வெள்ளையரும் கறுப்பரும் மணந்துகொள்வதை ஏற்றவர் நூற்றுக்கு 4 பேர். நான்கே பேர்! மீதிப்பேர் பெரும்பான்மை என்பதற்காகச் சீர்திருத்தக்காரன் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போகவில்லை. 1967 இல் நாட்டின் உச்சநீதிமன்றமே அத்தகைய மணத்துக்கு எதிரான சட்டங்களைச் செல்லாதவை ஆக்கியது. 2021 இல் அதே கேள்வியை அதே நிறுவனம் கேட்டபோது நூற்றுக்கு 94 பேர் ஏற்றனர். நான்கு தொண்ணூற்று நான்காக வளர்ந்தது தானாகவா? வாதாடினர், எழுதினர், மணந்து காட்டினர், வளர்ந்தது! வளர்ந்ததை அளந்து காட்ட உதவியது காலப்பின் கோல். அந்த நன்றியை மறைக்க மாட்டோம்.

அவருடைய ஒழுக்கத்தையும் ஒரு வரி சொல்ல வேண்டும். கட்சிகளிடம் கூலி பெற்றுக் கணிப்பு நடத்த மறுத்தவர் அவர். நடுநிலைக்குக் களங்கம் வரக்கூடாதென்று, குடியரசுத் தலைவர் தேர்தலில் தாமே வாக்களிப்பதையும் தவிர்த்தார். நாட்டு மக்கள் அனைவரிடமும் வாக்கு எவருக்கு என்று கேட்டவர் தம் வாக்கைப் போடவில்லை! 1984 சூலை 26 ஆம் நாள் சுவிட்சர்லாந்திலே மாரடைப்பால் மறைந்தார்.

அவர் கலை இந்தியாவுக்கும் வந்தது. 1950 களில் எரிக் டா கோஸ்டா டில்லியிலே பொதுக் கருத்து ஆராய்ச்சிக் கழகத்தை அமைத்தார். 1967 பொதுத் தேர்தலையொட்டி, வளரும் சமுதாயங்களின் ஆய்வு மையம் வாக்காளர் மனத்தை ஆராயும் பெரிய ஆய்வை நடத்தியது. இன்றோ தேர்தல் வந்தால் தொலைக்காட்சிதோறும் கணிப்பு மழை. 2004 இல் மத்தியிலே ஆண்ட அணியே மீண்டும் வரும் என்று பல கணிப்புகள் பாடின; வாக்கு எண்ணிக்கை வேறு இராகம் பாடியது. 1936 இல் அமெரிக்கா கற்ற பாடத்தை நாம் அடிக்கடி மறந்து, அடிக்கடி திரும்பக் கற்கிறோம்.

ஆகவே தோழர்களே, நாளை ஒரு கணிப்பு உங்கள் கைக்கு வரும்போது, எத்தனை ஆயிரம் பேரைக் கேட்டார்கள் என்று வாய் பிளக்காதீர்கள். யாரைக் கேட்டார்கள் என்று கேளுங்கள். யாரை விட்டார்கள் என்று கேளுங்கள். சேரிக்குப் போனார்களா? மீனவர் குப்பத்துக்குப் போனார்களா? ஆடவர் பேசும்போது அடுப்படியில் நின்ற பெண்ணை அழைத்துக் கேட்டார்களா? நமக்கு இனிப்பான கணிப்பு என்றாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். கசப்பான கணிப்பு என்றாலும் இதே கேள்விதான். தட்டிய கதவுகளால் காலப் வென்றார். தட்டாத கதவுகளால் தோற்றார். நாடாள வருவோருக்கும் நாட்டை எண்ண வருவோருக்கும் அந்தப் பால்காரப் பையன் விட்டுச் சென்ற பாடம் அதுதான்!